நாற்பத்தேழாம் ஏடு

கல்யாணமா என்று கேட்டார் காளிங்கன்,
நாகலூர் நிறுத்தத்தில்
என் விளக்குத் தண்டுகளைத் தோளில் வாங்கிக்கொண்டு.
இல்லை, ஓலை எடுக்க.
ஓலைக்கா இத்தனை லைட்டு
என்றவர் மேலே எதுவும் கேட்காமல்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகளுக்கு நடுவே
முன்னால் நடந்தார்.

பொன்னுரங்கத்தின் எஸ்டேட் வீட்டில்
மூடுபனி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
ஈரத்தில் கட்டைப் பிரிக்கக் கூடாது.
பதினொன்றரை வரை காத்திருந்தேன்.
மூன்று முறை காபி வந்தது,
சூரமங்கலத்திலிருந்து தங்கை ஒருமுறை:
லென்ஸ் தவணைக்கு ஆள் வந்து போனான்.

ஏட்டுக்கு இருபத்தைந்து கேட்டேன்,
பதினெட்டில் நின்றது.
மொத்தம் அறுபத்திரண்டு, இரண்டு பக்கமும்.
வெற்று ஏட்டையும் எடுப்பேன்,
பூச்சி தின்றதையும் எடுப்பேன்,
பூச்சி எழுதியதும் ஒரு கணக்குதானே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கிறது அவருக்கு,
இந்தச் சரிவு ஐந்து தலைமுறையாகத் தன்னுடையதென்று.

எலுமிச்சம்புல் எண்ணெய் தொட்டுக்
கரி தடவித் துடைத்தால்
கீறல் மட்டும் கறுத்து எழுந்துகொள்ளும்.
அப்படியும் எழாத இடத்துக்கு
விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்க வேண்டும்.
படுத்த வெளிச்சத்துக்குத்தான் பள்ளம் தெரியும்.

எடுக்கும்போது நான் படிப்பதில்லை.
படித்தால் ஃபோகஸ் போய்விடும்.
ஓரத்தில் ௪௰௭ என்றிருந்ததைப் படித்துவிட்டேன்.

சேர்வராயன் மகன் வெள்ளையன்
ஆறு மரக்கால் உப்புக்கும் ஒரு கம்பளிக்கும்
ஊற்றோடு சேர்ந்த சரிவை ஈடு வைத்தது.
கீழே, வேறு கையெழுத்தில்,
வெள்ளையன் ஈடு கெட்டது.

அல்லது, கேட்டது.
ஓலையில் புள்ளி கிடையாது,
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
கெடு தாண்டி ஈடு கெட்டிருக்கலாம்.
உப்பைச் சுமந்து மறுபடி மலையேறி வந்து
இதே வாசலில் நின்று
அவன் கேட்டிருக்கலாம்.
விளக்கை இடம் மாற்றினேன், வலம் மாற்றினேன்,
எழுதாததை எந்தக் கோணமும் காட்டவில்லை.

கெட்டது, என்றார் பொன்னுரங்கம்.
நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

இரண்டு நொடி தாமதித்து அடிக்கும்படி
காமிராவை வைத்திருப்பேன்,
விரல் பட்ட அதிர்வு அடங்க.
அந்த இரண்டு நொடியில்
அவர் கை குறுக்கே வந்தது.

இது வேணாம். இதுக்கும் சேர்த்தே தந்துடறேன்.
நாற்பத்தாறுக்கு அப்புறம் நாற்பத்தெட்டா, கேட்பார்களே?
பூச்சி தின்னுடுச்சு. நீங்கதானே சொன்னீங்க.

அவர் பார்க்க அழித்தேன்.
நாற்பத்தெட்டு, குளிர்சுரத்துக்குக் கஷாயம்.
அதன்பிறகு அறுபத்திரண்டு வரை
அந்த அறையில் ஷட்டர் மட்டும் பேசியது.

ஆயிரத்து நூற்றுப் பதினாறு,
மொய்போல எண்ணிக் கொடுத்தார்.
அவர் விரலில் இருந்த கரி
மேல் நோட்டில் கொஞ்சம் வந்தது.

கடைசி பஸ். காளிங்கன் தண்டுகளை ஏற்றிவிட்டு
நல்லா வந்துச்சா படம் என்றார்.
வந்துச்சு என்றேன்.

என் காமிராவில் இரண்டு கார்டுகள்.
ஒன்றில் அழித்தால் மற்றதில் அழியாது.
பதினான்காம் வளைவில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.
எஸ்டேட்டிலேயே ஞாபகம் இருந்தது என்றும்
இந்த வரியை வாசிக்கலாம்.

சின்னத் திரையில் ஒரு கை,
பச்சைக்கல் மோதிரம்.
ஊற்று தெரியவில்லை, உப்பு தெரியவில்லை,
வெள்ளையன் பெயர் உள்ளங்கைக்கு அடியில்.
ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே
தப்பி நிற்கிறது
ஒரு கொம்பு.

அடிவாரம் வரும்வரை பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன்,
அது கறுப்புச் சதுரங்களாக உடைந்த பிறகும்.